படலையடியில் கேட்ட கேள்விகள்: பணக்கஷ்டமும் கிறிஸ்தவக் குடும்பமும்

திருகோணமலையில் எங்கள் மெதடிஸ்த சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். வியாழன் பின்னேரம், கிழமைக்கு ஒரு வீடு. முன்பெல்லாம் பிள்ளையின் பரீட்சை, மகளின் கலியாணம், அம்மாவின் நீரிழிவு என்றுதான் ஜெப விண்ணப்பங்கள் வரும். இலங்கையின் பொருளாதாரம் விழுந்த 2022க்குப் பிறகும் கூட்டத்துக்குள்ளே அவைதான் வருகின்றன. ஆனால் பாட்டுப் பாடி, ஜெபம் முடித்து, தேநீரும் குடித்து, செருப்பை மாட்டும்போது ஒருவர் பின்னாலே வருவார். "அக்கா, ஒரு விஷயம் கேக்கலாமோ?" உண்மையான கேள்வி அந்தப் படலையடியில்தான் வரும். இந்தப் பணக்கஷ்டத்தை ஒரு எழுப்புதல் என்று நான் கூட்டத்தில் சொல்வதுண்டு; அதைப் பற்றியும் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கதையை மட்டும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கஷ்டம் கடவுள் எங்களுக்குத் தந்த தண்டனையா?

இல்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே நொந்துபோனவர்கள்.

நடந்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா வந்து உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களை மூட வைத்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்தவர்களைக் கேட்டால் அந்த விளைச்சலைப் பற்றிச் சொல்வார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. சீனக்குடாவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அந்த ஊரில் நாங்கள் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றமே, இந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னாள் ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. மனிதர் செய்ததைக் கொண்டுபோய்க் கடவுளின் தலையில் போடுவதும் பொய்ச்சாட்சிதான்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இதே கேள்வியை இயேசுவே எடுத்தார். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும் விடப் பெரிய குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்ல என்று தானே பதிலும் சொன்னார். (லூக்கா 13) ஆனால் அதோடு நிறுத்தவில்லை. செத்தவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நின்றவர்களின் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். இந்த இரண்டு பகுதியும் சேர்ந்தே வேண்டும். முதல் பகுதியை விட்டவர்கள் ஏழையைப் பார்த்து "உனக்கு ஏதோ பாவம் இருக்கிறது" என்பார்கள். இரண்டாம் பகுதியை விட்டவர்கள் விலை எப்போது குறையும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் இதை "எழுப்புதல்" என்று ஏன் சொல்கிறீர்கள்?

எழுப்புதல் என்றால் நமக்கு உடனே நினைவு வருவது பந்தல், ஒலிபெருக்கி, மூன்று நாள் கூட்டம். நான் சொல்வது அதையல்ல. நித்திரையில் கிடக்கிறவரின் தோளைத் தட்டி எழுப்புகிறோமே, அதைச் சொல்கிறேன்.

கெட்ட குமாரன் கதையை எடுங்கள். அவன் சொத்தை அழித்தபோது விழிக்கவில்லை. தேசத்தில் கொடிய பஞ்சம் உண்டானது, பன்றி தின்னும் தவிட்டால் வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டான், அதையும் ஒருவரும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் "அவனுக்குப் புத்தி தெளிந்தபோது" என்ற வரி வருகிறது. (லூக்கா 15:17) பஞ்சத்தைத் தகப்பன் அனுப்பினார் என்று கதையில் எங்கும் இல்லை. பஞ்சம் வந்தது, அந்தப் பஞ்சத்துக்குள்ளே அவனுக்கு வீடு நினைவு வந்தது. தெளிந்தவன் முதலில் செய்தது என்ன? நடந்ததை மறைக்காமல் தகப்பனிடம் என்ன சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்து வைத்துக்கொண்டு புறப்பட்டான்.

எங்கள் வீடுகளில் விழிப்பு வந்த இடங்களை நான் பார்த்த அளவில் அது அப்படித்தான் வந்தது. ஜெபநேரம் கூடியதால் அல்ல, மூடி வைத்திருந்த ஒன்றைத் திறந்ததால்.

கடன் வாங்கியதைக் கணவருக்கு (அல்லது மனைவிக்கு) சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இது அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. பெண்கள்தான் கேட்பார்கள், ஆனால் ஆண்கள் கேட்காதது அவர்களிடம் மறைத்த கடன் இல்லை என்பதால் அல்ல.

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்றார்கள். ஐந்து லீற்றரில் ஒரு குடும்பம் எப்படி ஓடும்? கிழமையில் இரண்டு நாள் ஓட்டினால் மற்ற நாட்களில் வண்டி முற்றத்தில் நிற்கும். அவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் நான் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கிழமைக் கடன் ஒன்றை எடுத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. கவலைப்படுவார், அவரே வரிசையில் நின்று கறுத்துப்போய் வருகிறார், ஏன் சொல்வான் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். கிழமைத் தவணைக்குப் பணம் போதாமல் மகளின் தோட்டை அடகு வைத்தேன். மகளிடம், தோட்டின் கொக்கி உடைந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். ஜெபக்கூட்டம் நடத்துகிறவள் பிள்ளைக்குச் சொன்ன பொய் அது.

ஒரு மின்வெட்டு இரவு. மெழுகுதிரி வெளிச்சத்தில் கடைக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திக் கடைக்காரர் கடன் கணக்கெழுதி வைக்கும் கொப்பி அது, மாதக் கடைசியில் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். நடுவிலே இறப்பர் வளையம் போட்டிருக்கும். அவர் வந்து பக்கத்தில் இருந்தார். மெழுகு ஒரு சொட்டு விழுந்து "பருப்பு 500 கி" என்ற வரியை மூடியது. அவர் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டே, "நானும் ஒரு இடத்தில வாங்கி இருக்கிறன்" என்றார். மாத வட்டிக்கு, ஒரு தனியாரிடம். நான்கு மாதமாக வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் எழும்பிப் போய் அலுமாரியில் சேலைக்கடியில் இருந்த என் கடன் அட்டையையும் அடகுச் சீட்டையும் கொண்டு வந்து பாயில் வைத்தேன்.

ஒருவரை ஒருவர் ஏசவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினார். தொகையைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். அதுவரை ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாத ஒன்றைக் கடவுளிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே என் பதில்: சொல்லுங்கள். சண்டை வரலாம். அடிக்கிற வீடாக இருந்தால் முதலில் போதகரிடமோ நம்பிக்கையான ஒரு மூத்த பெண்ணிடமோ சொல்லி, அவர்கள் கூட இருக்கும்போது சொல்லுங்கள். தனியாக ஆபத்தில் இறங்க வேண்டாம். மற்ற வீடுகளில் ஒரே ஒரு நிபந்தனை: எழுதிக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவோம்.

கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறார்கள். வேதம் இதற்கு ஏதாவது சொல்கிறதா?

வேதத்தில் இதே வாசல் இருக்கிறது. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் அழுகிறாள்: புருஷன் செத்துவிட்டான், கடவுளுக்குப் பயந்து நடந்தவன்தான், ஆனால் கடன்காரன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். கவனியுங்கள், கடனில் செத்தவன் தீர்க்கதரிசி கூட்டத்தைச் சேர்ந்தவன். பக்தியுள்ள வீட்டிலும் கடன் இருந்தது, அதற்காக எலிசா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் மட்டும் என்றாள். பிறகு, அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்கள் கேட்டு வாங்கு என்றார்.

நான் இதைப் பலமுறை வாசித்தும் கவனிக்காமல் போன இடம் இது. அந்தக் குடத்து எண்ணெய் பாத்திரங்கள் எல்லாம் நிறையும்வரை பெருகியதைத்தான் நாம் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்னால் அந்தப் பெண் தெரு முழுவதும் கதவு தட்டியிருக்கிறாள். ஏன் இத்தனை பாத்திரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அவளுடைய கடன் ஊருக்கே தெரிந்த பிறகுதான் எண்ணெய் ஊற்றத் தொடங்கியது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கடனை அடைக்கக் கடன் எடுக்க வேண்டாம்; எங்கள் கூட்டத்தில் மூழ்கின குடும்பங்கள் எல்லாம் முதல் கடனில் மூழ்கவில்லை, அதை மூட எடுத்த மூன்றாவது நான்காவது கடனில்தான் மூழ்கின. இன்னொருவரின் கடனுக்கு வெட்கத்துக்காகப் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டாம். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். எங்கள் அட்டையில் இரண்டு தவணை பதியப்படாமலே போனது, காட்டச் சீட்டு இல்லாததால் திரும்பக் கட்டினோம். இரவில் வந்து வாசலில் நின்று கத்துவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். பிணக்கு என்றால், நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதியில்லாதவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும். இவற்றுக்குப் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்கள் கூக்குரலிட்டபோது, நெகேமியா அவர்களைப் பொறுமையாயிருங்கள் என்று அனுப்பவில்லை. கோபப்பட்டார். வட்டி வாங்கிய பெரியவர்களைக் கூட்டி வைத்து, நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கப் பண்ணினார்.

சபையாக நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? எங்களிடமே பணம் இல்லையே.

நம்முடைய சபைக்கு இது புதிய வேலையல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1746இல் இலண்டனில் ஏழைகளுக்காக ஒரு கடன் நிதி தொடங்கினார். நண்பர்களிடம் கேட்டுத் திரட்டிய சிறு தொகை. ஒருவருக்கு அதிகபட்சம் 20 ஷில்லிங், மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி இல்லை. வட்டிக்கடைக்குப் போகாமல் கைத்தொழிலுக்கு ஒரு கருவியோ சரக்கோ வாங்க அது போதுமாக இருந்தது.

இதைப் படித்த பிறகு எங்கள் ஜெபக்கூட்டத்தில் பதினொரு வீடுகள் சேர்ந்து மாதம் 500 ரூபா போடத் தொடங்கினோம். தமிழில் இதற்கு ஏற்கனவே நல்ல சொல் இருக்கிறது: கைமாற்று. பிஸ்கட் தகரத்தில்தான் பணம் இருக்கிறது. ஒரு தடவை 15,000 ரூபாவுக்கு மேல் கொடுப்பதில்லை. முதலில் வாங்கியவர் இடியப்ப உரலும் தட்டுகளும் வாங்கினார். ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை; அவர் வீட்டுக்கும் முறை வரும்போது கூட்டம் நடத்தத்தான் போகிறோம், பணத்தைக் கேட்கவில்லை. இதில் நான் செய்வது சரியா என்று சில நாட்கள் யோசிப்பேன். மற்றப் பத்து வீட்டுப் பணமும் அதுதானே.

வட்டி இல்லாத 15,000 பெரிய தொகையல்ல. ஆனால் அதைக் கேட்க வருகிறவர் தன் நிலைமையைப் பத்துப்பேர் முன்னால் சொல்கிறார். அங்கே அழுதவர்கள் உண்டு. அவர்களை யாரும் பிறகு குறைத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் அடுத்த மாதம் தாங்களும் அதே இடத்தில் இருப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வருமானமே இல்லாதபோது தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

இல்லாததிலிருந்து கடவுள் கேட்பதில்லை. ஒருவனிடம் மனவிருப்பம் இருந்தால், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். (2 கொரிந்தியர் 8:12) கடைக் கொப்பியில் கடன் நிற்கும்போது கடைக்காரருடைய பணத்தைக் காணிக்கைப் பையில் போடுவதும் சரியல்ல. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காணிக்கைப் பை வரும்போது போட ஒன்றும் இல்லையே என்ற வெட்கத்தில் ஞாயிறு ஆராதனைக்கே வராமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். 2022இல் வெறுமையாகக் கிடந்த வாங்குகளைப் பார்த்து பஸ் இல்லை, பெற்றோல் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனபோது, "பையைத் தாண்டி விடேக்க பக்கத்தில இருக்கிறவை பாக்கினம் பிள்ளை" என்றார். நான் அவரிடம் சொன்னது: கையை மூடிக்கொண்டு பைக்குள் விடுங்கள், மூடியபடியே எடுங்கள், கர்த்தருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு வந்தார்.

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட விதவையைப் பிரசங்கிக்கிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டித்த வசனம் அது. (மாற்கு 12:40) அதைச் சொல்லிவிட்டுத்தான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"விதை விதைத்தால் நூறு மடங்கு வரும்" என்று சொல்லிக் காணிக்கை கேட்கிறார்களே?

கொடுக்க வேண்டாம். கைபேசியில் வரும் பிரசங்கியாராக இருந்தாலும், நேரில் வந்து தலையில் கை வைக்கிறவராக இருந்தாலும், கடனில் இருக்கிற குடும்பத்திடம் அற்புதத்தைக் காட்டிப் பணம் கேட்கிறவரின் வார்த்தையை நம்ப வேண்டாம். எலிசா அந்த விதவையிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பது, நிவாரணப் பொதி வாங்குவது விசுவாசக் குறைவா?

எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் உணவு கொண்டுவந்தது, பிறகு சாறிபாத்தில் ஒரு பிறதேசத்து ஏழை விதவை கொடுத்தாள். தீர்க்கதரிசி வாங்கிச் சாப்பிட்டார். நீங்களும் வாங்கலாம். 2023இல் தொடங்கிய அஸ்வெசும மக்களுடைய வரிப்பணம். சவர்க்காரம் வாங்கும்போது நீங்களும் அதில் பங்கு கட்டியிருக்கிறீர்கள். தகுதி இருந்தும் பெயர் விடுபட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்வேன்: உங்களுக்குத் தகுதி இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால் விண்ணப்பத்தில் பொய் எழுத வேண்டாம்.

இப்போது வரிசை இல்லை, கடையில் எல்லாம் இருக்கிறது. கஷ்டம் முடிந்துவிட்டதுதானே?

2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94 வீதத்தைத் தாண்டியது. பிறகு அது இறங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கியதாக அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. அடகில் வைத்த நகையை மீட்க முடியாமல் ஏலத்தில் விட்டவர்களுக்கு வரிசை முடிந்ததால் நகை திரும்பி வரவில்லை. எங்கள் மகளின் தோடு வந்தது, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

வசதியாகத் தப்பியவர்களுக்கு ஒரு சொல். மீன் விற்கும் வீட்டிலும், கூலிக்குப் போகும் வீட்டிலும், கணவர் இல்லாத வீட்டிலும் இன்னும் 2022தான். நீங்கள் விழித்தீர்களா என்பதை, அந்த வீடுகள் உங்கள் கண்ணில் படுகின்றனவா என்பதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் தீர அம்மாவோ அப்பாவோ வெளிநாடு போவது சரியா?

2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரூத் புத்தகமே இப்படித்தான் தொடங்குகிறது: பெத்லெகேமில் பஞ்சம், நகோமியின் குடும்பம் பிழைப்புக்கு மோவாபுக்குப் போகிறது. பெத்லெகேம் என்றால் அப்பத்தின் வீடு. அந்த வீட்டில் அப்பம் இல்லாததால் போனார்கள். போனதற்காக அவர்களைக் குற்றப்படுத்தும் வசனம் ஒன்றும் அங்கே இல்லை. ஆனால் நகோமி திரும்பி வரும்போது புருஷனும் இரண்டு மகன்மாரும் இல்லை, என்னை மாராள், கசப்பானவள், என்று கூப்பிடுங்கள் என்கிறாள்.

போக வேண்டுமென்றால் சட்டப்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்கிறவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம். அம்மா போகிறார் என்றால் பிள்ளைகள் யாரிடம் படுப்பார்கள், பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு யார் கூட்டிப் போவார்கள் என்பதைப் பெயர் சொல்லித் தீர்மானித்த பிறகு பயணச்சீட்டை எடுங்கள். போகிறதற்கு எடுக்கும் கடனையும் அந்தக் கொப்பித் தாளில் எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் அம்மா குவைத்தில் இருக்கும் ஒரு வீடு உண்டு. வியாழக்கிழமை முறை வரும்போது கைபேசியைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். அவர் வேலைக்கிடையில் வந்து ஒரு பாட்டு முடியும்வரை நிற்பார். கடைசிப் பையன் பாட்டுப் புத்தகத்தைத் திரையின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பான், அம்மாவுக்கு வரிகள் தெரிய வேண்டுமென்று.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது?

உண்மையை, அவர்கள் வயதுக்கு அளவாக. தோட்டின் கொக்கி உடைந்த கதையை நான் மகளிடம் திருத்திச் சொன்னபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. "எனக்குத் தெரியும் அம்மா, கொக்கி உடைஞ்சா ரெண்டு தோட்டையும் ஏன் கொண்டு போறீங்க?" என்றாள். அவள் ஆறு மாதமாக அதைத் தெரிந்துகொண்டே எனக்காக மறைத்து வைத்திருந்தாள். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் மன்னாவின் கதையை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தோம். ஒவ்வொரு நாளும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும், மிச்சம் வைத்தால் புழு பிடிக்கும். (யாத்திராகமம் 16) இரவில் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு சாப்பிடும்போது மகன், "இது இண்டைக்கு மன்னா" என்பான். மூன்றாம் நாளும் அதே கிழங்கு என்றால், இஸ்ரவேலர் மாதிரி முறுமுறுப்பான். இரண்டும் சரிதான் என்று அவனுடைய அப்பா சொல்வார்.

நாங்களே வீண் செலவு செய்ததும் உண்டு. அதை எங்கே வைப்பது?

அதுவும் உண்மைதான், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அரசின் பிழை தனி, நம் பிழை தனி. எங்கள் கூட்டத்து வீடுகளில் மகள் பெரியபிள்ளையானதற்கு மண்டபம், வீடியோ, மூன்று உடுப்பு, எல்லாம் கடனில். கலியாணத்துக்கும் அப்படி. கிறிஸ்தவர்கள் சாதகம் பார்ப்பதில்லை என்போம், ஆனால் அயலார் என்ன சொல்வார்கள் என்பதை நன்றாகப் பார்த்தோம். கூலியை வாங்கிப் பொத்தலான பையில் போடுகிறீர்கள் என்று ஆகாய் தீர்க்கதரிசி சொன்னது எங்களுக்கும் பொருந்தும். 2022இல் எங்கள் சபையில் நடந்த ஒரு கலியாணத்தில் ஆலயத்தில் எல்லோருக்கும் கேக் துண்டும் பிளேன்ரீயும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லாத கலியாணம். இப்போது நிலைமை கொஞ்சம் தளர, மண்டபங்கள் மறுபடி நிறைகின்றன.

இந்து, முஸ்லிம் அயலவருக்கும் உதவ வேண்டுமா? நம்மவர்களுக்கே போதவில்லையே.

வரிசையில் யாரும் மதம் பார்க்கவில்லை. என் கணவர் இரண்டாம் இரவு வண்டிக்குள் காய்ச்சலோடு கிடந்தபோது, பின் வண்டிக்காரரான கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர்தான் அவருடைய ஓட்டோவைத் தள்ளித் தள்ளி முன்னே கொண்டு வந்தார். சாறிபாத் விதவை இஸ்ரவேல்காரி அல்ல. உதவி செய்யும்போது துண்டுப்பிரசுரம் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். பசியில் இருக்கிறவரிடம் அரிசிக்கு விலையாக அவருடைய நம்பிக்கையைக் கேட்பது இயேசுவின் வேலையாகாது.

ஜெபிக்க மனமே வரவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை.

சொல்ல வேண்டாம். புலம்புங்கள். சங்கீதங்களில் புலம்பல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றையும் கடவுளுடைய ஜனங்கள்தான் பாடினார்கள். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் மகிழ்வேன் என்ற ஆபகூக்கின் வசனத்தை எடுத்தவுடன் பாட வைக்கிறார்கள். அது அந்தப் புத்தகத்தின் கடைசி. முதல் அதிகாரத்தில் அவர், கர்த்தாவே, எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று சண்டை பிடிக்கிறார். அங்கேயிருந்து தொடங்குங்கள்.

எங்கள் சபைகளில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். வெஸ்லி 1755இல் தொடங்கி வைத்தது. அதில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு: என்னை நிறைவாக்கும், அல்லது வெறுமையாக்கும், எனக்கு எல்லாம் இருக்கட்டும், அல்லது ஒன்றும் இல்லாதிருக்கட்டும் என்ற கருத்தில் வரும். சிறுவயதிலிருந்து சொன்ன ஜெபம். 2023 ஜனவரியில் அந்த வரி வந்தபோது ஆலயம் முழுவதும் குரல் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற, கையை மூடிப் பைக்குள் விடும் அந்த அம்மா, அந்த வரியில் வாயை மூடிக்கொண்டு நின்றார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "இந்த முறை என்னால சொல்ல ஏலாமப் போச்சு" என்றார். நானும் சொல்லவில்லை என்று அவருக்குச் சொன்னேன். இருவரும் படியில் கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு அவர், பிஸ்கட் தகரத்துக்கு என்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஐந்து நூறு ரூபாத் தாள்களை அவிழ்த்து எண்ணித் தந்தார்.